எல்லாம் இடது கால்

செத்துப்போன முதலாளியின் வலது காலுக்கு மட்டும்தான் ஷூ இருந்தது.

அதுவும் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில். எர்மெஸ் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னல் அறையின் நடுவில் நின்றிருந்தான். எதிரே முதலாளியின் மனைவி கொரின்னா அம்மா, கறுப்பு உடையில், கையில் விசிறியோடு.

"இடது எங்கே?" என்றாள் கொரின்னா அம்மா.

"இடது இல்லம்மா."

"இல்லன்னா?"

"மாதிரி பண்ணும்போது வலது மட்டும்தான்மா பண்ணுவோம். ஆர்டர் வந்தப்புறம்தான் இடது."

"என் புருஷனுக்குக் கால் ரெண்டு, எர்மெஸ்."

எங்கள் மொந்தெபெல்லுனா பக்கத்தில் எந்த ஷூ தொழிற்சாலைக்குப் போனாலும் இதுதான் வழக்கம். மாதிரி என்றால் ஒற்றைக் கால். விற்பனைக்காரன் பையில் இரண்டு மடங்கு கொள்ளும், எவனும் திருடிக்கொண்டும் போக மாட்டான். எங்கள் காட்சிக்கூடத்தில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வலது கால்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் எங்களுக்கு அது விசித்திரமாகவே தெரியாது. இப்போது அந்த அலமாரிகளுக்கு நடுவில்தான் முதலாளி எஜீதியோவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஊரே பார்க்க வர வேண்டும் என்பதற்காக வீட்டிலிருந்து இங்கே கொண்டுவந்தாயிற்று.

இந்த ஆரஞ்சு ஷூவை எர்மெஸ் முதலாளியின் காலுக்கே அளவெடுத்துப் பின்னியிருந்தான். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நெருக்கமான பின்னல், விரல் பக்கம் காற்றோட்டமாக ஓட்டை ஓட்டையாக, நடுவில் எங்கேயும் தையலே கிடையாது. நெடுந்தூரம் ஓடுகிறவனுக்காக யோசித்து யோசித்துப் பண்ணியது. கிழவர் குளிர்காலம் பூராவும் வலது காலில் இதையும் இடது காலில் கம்பளிச் செருப்பையும் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் நடமாடினார். ஆர்டர் மட்டும் வரவேயில்லை.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாருப்பா," என்றாள் கொரின்னா அம்மா. "அந்தப் பின்னல் ஷூவிலதான் என்னை அனுப்பணும்னு. ரெனாத்தோ என்னடான்னா மலையேறுற பூட்ஸைத் துடைச்சு வெச்சுக்கிட்டு நிக்கறான்."

ரெனாத்தோ மூத்த மகன். தோல்காரன். தோலைத் தவிர மற்றது எதுவும் ஷூவாகாது என்பது அவன் கட்சி. பின்னல் அறைக்குள் அவன் காலடி வைத்ததே கிடையாது. எர்மெஸ் முன்பு ஸ்வெட்டர் கம்பெனியில் வடிவமைப்பாளனாக இருந்து வந்தவன் என்பதால், "ஏய் ஸ்வெட்டர்" என்றுதான் அவனைக் கூப்பிடுவான்.

"திங்கக்கிழமை லாரி வருது, தெரியுமில்ல?" என்றாள் அம்மா. "இந்த ரெண்டு மெஷினையும் வித்துட்டான். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"தெரியும்மா."

"என் புருஷன் கால்ல இருக்கற ஷூவைப் பின்னின மெஷினை விக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் தொழில்காரங்க எல்லாம் பார்க்க வருவாங்க. அவங்க கண்ணு முன்னால இந்த ஷூவோட அவர் படுத்திருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். வந்தவங்க சிரிச்சாங்கன்னா, அப்புறம் ரெனாத்தோவை என்னால தடுக்க முடியாது."

எங்கள் பக்கத்து ஆட்கள் துக்கத்துக்கு வந்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். முகத்தைப் பார்ப்பது அதற்கு அப்புறம். கல்யாணத்திலும் அப்படியே. கெட்ட பழக்கம்தான், என்ன செய்வது.

"இடது காலை இப்பவே பின்னிடறேம்மா," என்றான் எர்மெஸ்.

"இதே கலர்லயா?"

"ஆமாம்மா."

"ஐயோ, ரோடு போடறவன் சட்டை மாதிரி இருக்கே! அவர் கோயிலுக்குப் போறாருப்பா, சாலை மராமத்துக்கு இல்ல. கறுப்புல பண்ணு. ரெண்டையும்."

அம்மா விசிறிக்கொண்டே போய்விட்டாள். அவ்வளவு நேரம் மூலையில் நூல் கோன்களைத் துடைப்பதுபோல் நின்றிருந்த வில்மா முன்னால் வந்தாள். மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். அந்த அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். லாரி வந்தால் தெருவுக்குப் போவதும் அந்த இரண்டு பேர்தான்.

"கறுப்பு நூல் இருக்கா?" என்றான் எர்மெஸ்.

"ஷூ வாயோரப் பட்டிக்குப் போடற இழுவை நூல் இருக்கு. சூடு காட்டினா உருகி இறுகுமே, அந்த நூல் கறுப்புல கிடையாது."

"அது இல்லாம பின்னினா தொளதொளன்னு நிக்குமே வில்மா. எந்த ஓட்டக்காரன் கால்லயும் பிடிக்காது."

"அவரு என்ன ஓடவா போறாரு?"

எர்மெஸ் அவளை முறைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். சுபாவத்திலேயே சோகமானவன் அவன். நல்ல சேதி வந்தால்கூட, "சரி, இதுக்கப்புறம் என்ன வரப்போகுதோ" என்பான். இன்று நல்ல சேதியும் இல்லை.

இன்னொரு சங்கடம் இருந்தது. அப்பா மண்ணுக்குள் போகும்வரை தொழிற்சாலையில் ஒரு மெஷினும் ஓடக் கூடாது என்று ரெனாத்தோ காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். பின்னல் அறைக்கும் காட்சிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பிணம், இந்தப் பக்கம் மெஷின்.

"ஜெபமாலை ஆரம்பிக்கட்டும்," என்றாள் வில்மா. "நம்ம ஊர்க் கிழவிங்க சேர்ந்து சொன்னா இடி விழுந்தாலும் கேக்காது."

அப்படியே செய்தார்கள். பாதிரியார் வந்து, கிழவிகள் உட்கார்ந்து, "அருள் நிறைந்த மரியே" என்று முதல் குரல் எழும்பியதும் எர்மெஸ் வலது கால் நிரலைத் திருப்பிப் போட்டு இடதாக்கினான். வில்மா பொத்தானை அமுக்கினாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எர்மெஸுக்கு ஏதோ இடித்தது. அந்தப் பக்கத்துக் குரல்கள் வேகம் பிடித்திருந்தன. கிழவிகள் தங்களுக்கே தெரியாமல் மெஷினோடு தாளம் சேர்த்துக்கொண்டு விட்டார்கள். ஒரு மரியே முடிவதற்குள் அடுத்த மரியே கிளம்பியது. மூச்சு வாங்குவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. பாதிரியார் நிதானமாக ஒரு வரியை இழுத்துப் பார்த்தார். கிழவிகள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

கதவு படாரென்று திறந்தது. ரெனாத்தோ. வில்மா ஒரே பாய்ச்சலில் வாசலை மறித்துக்கொண்டாள்.

"என்ன சத்தம் இது? நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"குளிர் மெஷின்," என்றாள் வில்மா.

"என்ன குளிர் மெஷின்?"

"பெட்டிக்குக் கீழ குளிர் தட்டு வெச்சிருக்காரில்ல ஒத்தாவியோ? அதோட மோட்டாரு. அங்கே வெச்சா சத்தம்னு இந்தப் பக்கம் வெச்சிருக்கு."

வாய் கூசாமல் சொன்னாள். எர்மெஸ் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் ரெனாத்தோவின் முகம் சட்டென்று மாறிப்போனது. வெளியே ஜூலை வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு வெயில்னா ஆகவே ஆகாது," என்றான். "ஓடட்டும். நல்லா ஓடட்டும். நிறுத்திடாதீங்க, என்ன?"

அவனும் அப்பனைப் பறிகொடுத்தவன்தானே. எர்மெஸுக்குக்கூட ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது.

திரும்பிப் போகிற வழியில் ரெனாத்தோ ஒத்தாவியோவிடம், "உங்க மெஷின் நல்லா ஓடுதுங்க" என்றான். ஒத்தாவியோதான் எங்கள் ஊரில் பிணங்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து அனுப்புகிறவர். ஒல்லியான மனிதர். துக்க வீட்டில் யாரையும் மறுத்துப் பேசக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். தன் குளிர் தட்டு சத்தமே போடாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, "ஓடறது நல்லதுதாங்க" என்றார்.

முதல் இடது காலின் மேல்பாகம், சோல் மட்டும் பாக்கி, பின்னி முடிந்து தட்டில் விழுந்தது. கறுப்பு, மெத்தென்று, பூனைக்குட்டி மாதிரி. எர்மெஸ் அதைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தான். இறுகும் நூல் இல்லாவிட்டாலும் பின்னல் அழகாகத்தான் வந்திருந்தது.

"நிறுத்து. வலதைப் போடணும்."

வில்மா நிறுத்தினாள். அறை நிசப்தமானது. சுவருக்கு அந்தப் பக்கம் கிழவிகளும் தடுமாறி நின்றார்கள்.

"ஏன் நின்னுடுச்சு?" என்று ரெனாத்தோவின் குரல். "ஒத்தாவியோ! மெஷின் நின்னுடுச்சு! அப்பா!"

தடதடவென்று காலடிச் சத்தம். வில்மா பதறிப்போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டாள். மெஷின் மறுபடி இடது காலைப் பின்ன ஆரம்பித்தது. காலடி நின்று, திரும்பிப் போனது. மரியே மறுபடி கிளம்பினாள்.

"இது முடிஞ்சதும் நிக்காமலே மாத்திக்கலாம்," என்றான் எர்மெஸ், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "ஒரு நொடிதான். கவனமா இருப்போம்."

ரெனாத்தோ எட்டிப் பார்த்தான். "ஏய் ஸ்வெட்டர், நீ உயரமா இருக்கே. வா, வாசல்ல நின்னு மலர் வளையத்தை எல்லாம் வாங்கி மாட்டு. வில்மா, வர்றவங்களுக்குக் காபி கொடுக்க ஆள் இல்ல. கொஞ்சம் கிராப்பாச் சாராயமும் விடு, பாவம் வெயில்ல வர்றாங்க."

"நாங்க இந்த மெஷினைப் பார்த்துக்க..."

"அதுதான் தானா ஓடுதே. வாங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனார்கள்.

வாசலில் நின்று எர்மெஸ் வளையம் வளையமாக வாங்கி மாட்டினான். ஒவ்வொரு தடவையும் உள்ளே தட்டில் ஒரு மேல்பாகம் விழும் மெல்லிய சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. நிரலை மாற்றாவிட்டால் நூல் தீரும்வரை அந்த மெஷின் அதையேதான் பின்னும். வில்மா காபித் தட்டோடு அவனைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் எத்தனை பேர்?" என்றான் அவன், உதடு அசையாமல்.

"கன்யாஸ்திரீங்க ஒரு பஸ் நிறைய வந்திருக்காங்க," என்றாள் அவள், அதே மாதிரி. "எல்லாருக்கும் கிராப்பா விட்ட காபிதான் வேணுமாம்."

ஒருவழியாக இரண்டு பேரும் அறைக்குத் திரும்பியபோது மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தது. தட்டு நிறைந்து வழிந்து, தரையிலும் குவியலாகக் கறுப்பு இடது கால்கள். கோனில் ஒரு முழம் நூல்கூட இல்லை.

"மெஷின் நின்னு ரொம்ப நேரமாச்சே," என்றாள் வில்மா. "ரெனாத்தோ எப்படிச் சும்மா இருந்தான்?"

பின்னால் ஒத்தாவியோ நின்றிருந்தார். "கேட்டாருங்க. போதுமான அளவு குளிர் ஏறிடுச்சுன்னு சொன்னேன்," என்றார். குவியலை ஒரு பார்வை பார்த்தார். "ஷூ வரும்னு அம்மா சொன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடுங்க. கால் மேல போர்வை போட்டு வெச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் போர்வையைத்தான் பார்க்கறாங்க."

அவர் போனதும் எர்மெஸ் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுது," என்றான். "ஆரஞ்சுல ஒரு வலது. கறுப்புல முப்பது இடது. நம்ம தலையெழுத்து இதுதான்."

"எழுந்திரு ராசா. ஒப்பாரி வைக்கத்தான் அங்கே பஸ் நிறைய ஆள் வந்திருக்கே." வில்மா ஒரு மேல்பாகத்தை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள். "இதுல எது இடது, எது வலது? உடம்பு பூரா இழுவை. வலது கால் கட்டையில மாட்டி ஆவி காட்டு. வலதாயிடும்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது அவ்வளவு பைத்தியக்காரத்தனமான யோசனை இல்லை. பின்னல் மேல்பாகத்துக்கு உருவம் கொடுப்பதே கால் வடிவக் கட்டையும் ஆவியும்தான். எர்மெஸ் ஒரு இடது மேல்பாகத்தை வலது கட்டையில் இழுத்து மாட்டி ஆவி காட்டினான். கழற்றினான். அது மெதுவாகச் சுருண்டு, தன் பழைய பக்கத்துக்கே திரும்பிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் காட்டு," என்றாள் வில்மா.

இன்னும் கொஞ்சம் காட்டினான். அது சுருங்கிப்போய், கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற சின்னப் பிள்ளைக்குப் போடும் அளவுக்கு வந்துவிட்டது. அடுத்ததை எடுத்தார்கள். அது நீண்டுகொண்டே போய்ப் பால் வடிகட்டும் பைபோல் தொங்கியது. அதற்கடுத்ததற்குக் குதிகால் பக்கவாட்டில் வந்தது. குவியல் பெரியதாக இருந்ததால் அவர்கள் பாட்டுக்கு எடுத்து எடுத்துக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒன்று ஓரளவு படிந்தது. அதையும் ஒரு நல்ல இடதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஷூவும் மூக்கை வலது பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தன.

"எங்கே பார்க்குது இது ரெண்டும்?" என்றான் எர்மெஸ்.

"பெட்டியை வெச்சிருக்கற திசைக்கு வாசல் பக்கம் பார்க்கும்," என்றாள் வில்மா. "கிளம்பற மனுஷன்தானே. பொருத்தமாத்தான் இருக்கு."

அடுத்தது சோல். முதலாளியின் அளவுக்குக் கிடங்கில் இருந்தது ஒரே ஒரு ஜோடி, பந்தயத்துக்கு வாங்கினது, கிளிப்பச்சை. பெட்டியில் படுத்திருக்கும் மனுஷனைக் கால்மாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரிவதே சோல்தான். ஆரஞ்சுக்கே அப்படிச் சொன்ன அம்மா கிளிப்பச்சைக்கு என்ன சொல்வாள்?

எர்மெஸ் பசை கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வில்மா கறுப்பு பாலிஷ் டப்பாவைத் திறந்து சோல் இரண்டையும் தேய்தேய் என்று தேய்த்துவிட்டாள். பொறுப்பான பெண். அடியில், ஓரத்தில், மேலே என்று ஒரு இடம் விடாமல் பூசினாள். எர்மெஸ் கவனிக்காமல் அதன் மேலேயே பசையைத் தடவி, மேல்பாகத்தை வைத்து அமுக்கினான். சாதாரண நாளாக இருந்தால் அழுத்தும் மெஷினில் வைத்திருப்பார்கள். அது வெட்டும் கூடத்தில், எல்லார் கண்ணுக்கும் எதிரில் இருந்தது. அதனால் இரண்டையும் தரையில் வைத்து வில்மா மேலே ஏறி நின்றாள்.

"என் எடை போதுமா?"

"நான் என்னத்தைச் சொல்றது," என்றான் எர்மெஸ்.

"ஒண்ணும் சொல்லாதே."

வாசலில் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒத்தாவியோ வந்து கையை நீட்டினார். எர்மெஸ் ஷூக்களைக் கொடுத்தான். அவர் பெட்டியைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார்.

"முடிஞ்சுதுங்க."

"அவ்வளவு சீக்கிரமாவா?"

"ஆமாங்க. இது மட்டும் கையோட வந்துடுச்சு." இரண்டு கறுப்பு சோல்களையும் நீட்டினார். அவர் வெள்ளைக் கையுறை முழுக்கப் பாலிஷ். "வெச்சுக்கறீங்களா?"

எர்மெஸ் சோலின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்று மெழுகு. மெழுகின் மேல் எந்தப் பசை ஒட்டும்? வில்மாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"கழட்டிடுங்க ஒத்தாவியோ. மறுபடி ஒட்டிக் கொடுக்கறேன். அரை மணி..."

திரை விலகிவிட்டது. கொரின்னா அம்மாவே இழுத்துவிட்டாள்.

கூட்டம் உள்ளே வந்தது. தோல் விற்பவர்கள், சோல் விற்பவர்கள், பனிச்சறுக்குப் பூட்ஸ்காரர்கள், அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக. எல்லார் தலையும் ஒரே மாதிரி முதலில் கால்மாட்டுக்குத் திரும்பியது. அங்கே வெள்ளைப் பட்டின் மேல் முதலாளி எஜீதியோவின் இரண்டு பாதங்கள், மெத்தென்ற கறுப்புப் பின்னலுக்குள், வாசலைப் பார்த்தபடி கிடந்தன. வந்தவர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள், குனிந்து பார்த்தார்கள், நகர்ந்தார்கள். எர்மெஸ் சுவரோரம் ஒட்டி நின்றான். இப்படியே போய்விடட்டும், கடவுளே, இப்படியே போய்விடட்டும்.

அப்போது ஜெம்மா வந்தாள். பக்கத்து ஊரில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் கிழவி. முதலாளியோடு வாழ்நாள் முழுக்கப் போட்டி போட்டவள், அவரை வாழ்நாள் முழுக்க மதித்தவள். காது கேட்காது. அதனால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் பேசுவாள். கால்மாட்டில் நின்றாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டியது.

"ஐயோ எஜீதியோ!" என்று கூடமே அதிரச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் ஷூ போட்ட மனுஷன்! உன்னைப் போய் வெறும் சாக்ஸோட படுக்க வெச்சிட்டாங்களே! ஏம்பா ரெனாத்தோ, இத்தனை அலமாரி இருக்கு, அப்பாவுக்கு ஒரு ஜோடி கிடைக்கலையா?"

தோல் விற்பவர் ஒருவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் இருமுவதுபோல் செய்தார். அவரிடமிருந்து இன்னொருவருக்கு, அங்கிருந்து கன்யாஸ்திரீகள் வரிசைக்கு. கிராப்பா வேறு உள்ளே போயிருந்தது. துக்க வீட்டில் அடக்கி அடக்கி வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது சாதாரணச் சிரிப்பைவிட மோசம். பாதிரியார் ஜெபப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கொரின்னா அம்மா விசிறியை மடக்கினாள். யாரையும் பார்க்கவில்லை.

"பார்த்தியாம்மா?" என்றான் ரெனாத்தோ. அவன் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. "ஊரே சிரிக்குது. எங்கப்பாவைப் பார்த்து ஊரே சிரிக்குது. ஏய் ஸ்வெட்டர், சந்தோஷமா உனக்கு?"

எர்மெஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கிழவர் ஒருத்தர்தான் அவனை ஸ்வெட்டர் என்று கூப்பிடாதவர். ஆர்டர் வராத ஷூவைப் போட்டுக்கொண்டு, "என் கால் மூச்சு விடுதுடா எர்மெஸ்" என்று சொன்னவர். அந்தக் காலையே ஊர் சிரிக்கும்படி பண்ணிவிட்டோமே.

"அம்மா, திங்கக்கிழமை லாரி வரும்," என்றான் ரெனாத்தோ.

கொரின்னா அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வில்மா ஏப்ரனை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தாள்.

ரெனாத்தோ அலமாரிக்குக் கீழே தயாராக வைத்திருந்த மலையேறும் பூட்ஸ் ஜோடியை எடுத்து வந்தான். கெட்டியான தோல், பளபளவென்று துடைத்தது, ஒன்றொன்றும் செங்கல் கனம். ஒத்தாவியோவிடம் நீட்டினான்.

"அந்தக் கண்ராவியைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க."

ஒத்தாவியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூட்ஸைப் பார்த்தார். வாங்கவில்லை.

"என்னங்க, காதுல விழலையா?"

"மாட்ட மாட்டேங்க," என்றார் ஒத்தாவியோ.

கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து எங்கள் ஊரில் யாருமே கேட்டதில்லை. அவருக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பாலிஷ் படிந்த கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எர்மெஸ் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்க, இந்த இடத்துல வியாபாரம் பேசக் கூடாதுதான், ஆனா நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளா, பின்பக்கத்தைக் கத்தரியால கிழிக்காம செத்து விறைச்ச ஒரு காலுக்கும் ஷூ மாட்டினதில்ல, இன்னிக்குத்தான் மாட்டியிருக்கேன், இதே மாதிரி, கறுப்புல, சோல் இல்லாம, மாசாமாசம் நூறு ஜோடி பின்னிக் கொடுப்பீங்களா?"